செவிலியர் கல்வியும் கணக்கேடும் கவிதையும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். நர்சிங், வணிகவியல், கலைப் படிப்பு ஆகிய மூன்றையும் ஒரு மாணவி ஒரே பல்கலைக்கழகத்தில் சேர்த்துப் படிக்க வழி வேண்டும். அந்த வழி முதலில் இந்தக் கேரள-தமிழ்நாட்டு எல்லைப் பகுதியில் திறக்க வேண்டும். இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஊசி போடும் கைக்குக் கணக்கேடு எதற்கு, கவிதை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இந்த உரை முழுவதும் அதற்கான விடைதான்.

முதலில் நாம் நிற்கும் மண்ணைப் பார்ப்போம். பாறசாலை, இஞ்சிவிளை, தனுவச்சபுரம், காரக்கோணம், குன்னத்துகால், வெள்ளறடை, பனச்சமூடு. இந்த ஊர்களில் காலையில் மலையாளத்தில் பேசத் தொடங்குகிறவர் மாலையில் தமிழில் முடிப்பார். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது, நோய் அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை. குழித்துறைக்காரர் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு வருகிறார். பாறசாலைக்காரர் மார்த்தாண்டத்து டாக்டரைப் பார்க்கப் போகிறார். கோட்டைக் கண்டுகொண்டது கல்விதான். அதுவும் ஒரு கோட்டோடு நிற்கவில்லை. காரக்கோணத்தில் நர்சிங் படிக்கும் பெண் 2010-இல் அமைந்த கேரள சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் மாணவி. அதன் தலைமையகம் திருச்சூரில் இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளித் தனுவச்சபுரத்தில் கலைக் கல்லூரியில் படிக்கும் அவள் தங்கை, 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய கேரளப் பல்கலைக்கழகத்தின் மாணவி. களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் நர்சிங்குக்குச் சென்னையில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், பி.காம்., பி.ஏ. படிப்புக்குத் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஒரே பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகள் நான்கு பல்கலைக்கழகங்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் வகுப்பில் பெற்ற மதிப்பெண் மற்றொன்றில் செல்லாது. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் உறங்கலாம், ஒரே வகுப்பில் உட்கார முடியாது.

இந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது? பிளஸ் ஒன்னில் தொடங்குகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங்கில் சேர வேண்டுமானால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். குறைந்தது 45 சதவீதம் மதிப்பெண் வேண்டும். பதினாறு வயதில் காமர்ஸ் எடுத்த பெண்ணுக்கு அந்த வாசல் அடைபட்டுவிடும். மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோவில் கலை, வணிகப் பிரிவினரும் சேரலாம் என்று அதே கவுன்சில் சொல்கிறது; அது தனி வாசல். சயின்ஸ் எடுத்த பெண்ணோ, நர்சிங்கில் நுழைந்த நாளிலிருந்து வரலாற்றையும் இலக்கியத்தையும் பொருளாதாரத்தையும் பாடநூலின் ஓரத்துக் குறிப்பாக மட்டுமே பார்ப்பாள். பதினாறு வயதில் போட்ட கோடு அறுபது வயது வரை நீள்கிறது. அது யாருக்கு நன்மை? நோயாளிக்கா? மருத்துவமனைக்கா? அந்தப் பெண்ணுக்கா? எனக்குத் தெரிந்தவரை ஒருவருக்கும் இல்லை.

மூன்றையும் சேர்ப்பது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் புது யோசனை என்று யாராவது நினைத்தால், இந்த வட்டாரத்தின் சொந்த வரலாற்றைத்தான் நான் சாட்சிக்கு அழைப்பேன். காரக்கோணத்தில் 2002-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி யார் பெயரைத் தாங்கியிருக்கிறது? டாக்டர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் செருப்புத் தொழில் நடத்திய குடும்பத்தில் 1890-இல் பிறந்தவர். அறுவை மருத்துவர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவர். 1922 பயணம் முடிந்து தெற்கே வந்தபோது நெய்யூர் மருத்துவமனையில் குவிந்து நின்ற நோயாளிகளைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரும் வாழ்வை விட்டுவிட்டு நெய்யூரையே தேர்ந்துகொண்டார். இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாத செய்தி ஒன்று உண்டு. அவர் ஓவியர். திபெத்தில் கேட்ட நாட்டுப் பாடல்களை இசைக்குறிப்பாக எழுதி, 1924 எவரெஸ்ட் பயணத்தைப் பற்றிய திரைப்படத்துக்கு இசையமைக்கக் கொடுத்தவர். தூரிகையும் இசையும் அவர் கத்தியின் கூர்மையைக் குறைத்தனவா? நெய்யூரில் அவரிடம் உயிர் பிழைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும், அவர்களைக் கேளுங்கள்.

ஆனால் சாமர்வெல் தனிமனிதர். தனிமனிதரின் திறமையைக் காட்டி ஒரு கல்விமுறையை நியாயப்படுத்த முடியாது என்று நீங்கள் சொல்லலாம். சரி, ஒரு நிறுவனத்தையே காட்டுகிறேன். அதை எழுப்பியவரும் வேறு ஊர்க்காரர் அல்லர். நெய்யாற்றின்கரையில் 1904-இல் பிறந்த ஜி. ராமச்சந்திரன். சாந்திநிகேதனில் தாகூரின் நிழலில் படித்தவர். மாணவராக இருந்தபோது 1924-இல் டெல்லியில் காந்தியடிகளைச் சந்தித்துக் கலையைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளும் கிடைத்த விடைகளும் யங் இந்தியா இதழில் வெளிவந்தன. அவர் மணந்துகொண்டவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள், இளம் வயதில் கணவரை இழந்தவர், டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். கலையைப் பற்றிக் காந்தியிடம் கேட்ட இளைஞரும், வணிகக் குடும்பத்தில் பிறந்து டாக்டரான பெண்ணும் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டியில் தொடங்கியதுதான் காந்திகிராமம். அங்கே கஸ்தூர்பா மருத்துவமனை இருந்தது. கிராமத்துப் பெண்களுக்குத் தாய்சேய் நலப் பயிற்சி இருந்தது. பக்கத்திலேயே கதரும் கிராமத் தொழிலும் நடந்தன. தொழில் என்றால் கொள்முதலும் விற்பனையும் வரவு செலவும் இருந்தே தீரும். பாட்டும் நாடகமும் பிரார்த்தனைக் கூட்டமும் நடந்தன. 1956-இல் அது கிராமிய உயர்கல்வி நிறுவனமாக வளர்ந்தது. 1964-இல் கிராமச் சுகாதாரப் பயிற்சிக்கென்று தனி நிறுவனமே எழுந்தது. 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நோயைப் போக்குவதும், பிழைப்புக்கு வழி செய்வதும், மனத்தைப் பண்படுத்துவதும் ஒரே வளாகத்து வேலைகள் என்று அந்த இருவரும் நம்பினார்கள். முதுமையில் ராமச்சந்திரன் நெய்யாற்றின்கரைக்கே திரும்பி, ஊருட்டுகாலாவில் தாயார் பெயரால் மாதவி மந்திரம் அமைத்தார். அவர் பிறந்த மண்ணில், அவர் திண்டுக்கல்லில் நட்டதைப் போன்ற ஒரு கல்வி இன்றுவரை முளைக்கவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி வணிகவியலுக்கு வருகிறேன். மூன்றில் அதிகம் எதிர்க்கப்படுவது இதுதான்; ஆகவே இதில்தான் அதிகம் நிற்கப் போகிறேன். மருத்துவமனைக்குள் வணிகப் படிப்பைக் கொண்டுவந்தால் நோயாளி வாடிக்கையாளர் ஆகிவிடுவார் என்ற அச்சம் நல்ல மனிதர்களின் அச்சம். ஆனால் ஐயா, அம்மா, பணம் ஏற்கெனவே வார்டுக்குள் வந்துவிட்டது. கேரளத்தின் காருண்யா அட்டையோ தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ, எந்த அட்டை எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று ஓடி ஓடிக் கேட்கும் உறவினர் யாரிடம் கேட்கிறார்? டாக்டரிடமா? டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விட்டார். பில் கவுண்டரிலா? அங்கே வரிசை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம்தான் கேட்கிறார். அவருக்கோ அதைப் பற்றி யாரும் ஒரு மணி நேரம்கூடப் பாடம் சொல்லித் தந்ததில்லை. எல்லைப் பகுதியில் இரண்டு மாநிலத் திட்டங்களும் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருந்தால், ஒரு குடும்பம் நகையை அடகு வைக்காமல் தப்பலாம். இது வணிகமயமா? இதைவிடப் பெரிய சேவை எது?

இன்னும் ஆழமாகப் பாருங்கள். ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்பது யார் எடுக்கும் முடிவு? அது மருத்துவ முடிவு என்று நினைக்கிறோம். நடைமுறையில் அது சம்பளக் கணக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லிண்டா ஐக்கன் என்ற நர்சிங் பேராசிரியை 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறுவை சிகிச்சை பெற்ற நோயாளிகளில், ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, முப்பது நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதோடு அது தொடர்புடையது என்று கண்டார். 2014-இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்தபோதும் கிட்டத்தட்ட அதே எண் வந்தது. பட்டம் பெற்ற நர்ஸுகளின் பங்கு 10 சதவீதம் கூடினால் மரண வாய்ப்பு 7 சதவீதம் குறைவதோடு தொடர்புடையது என்றும் தெரிந்தது. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வணிகவியல் படித்த நர்ஸ் உயிரைக் காக்கிறார் என்று இந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. அவை உணர்த்துவது வேறு: டூட்டி லிஸ்டில் ஒரு பெயரை வெட்டுவது வெறும் சிக்கனம் ஆகாது, அது உயிர் சம்பந்தப்பட்ட காரியம். அப்படியானால் அந்தப் பட்டியல் தீர்மானிக்கப்படும் மேசையில் உட்கார்ந்து, பட்ஜெட்டைப் படித்து, இந்தச் செலவைக் குறைத்தால் இந்த ஆபத்து வரும் என்று எண்களோடு வாதாடத் தெரிந்த நர்ஸ் வேண்டுமா, வேண்டாமா? அந்த மேசையில் இன்று உட்காருபவர் பெரும்பாலும் வார்டில் ஓர் இரவுகூடக் கண்விழிக்காதவர். அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நர்சிங் பள்ளியும் வார்ட்டன் வணிகப் பள்ளியும் சேர்ந்து இளங்கலை நிலையிலேயே இரட்டைப் பட்டம் தருவது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

எண்களோடு வாதாடும் நர்ஸ் என்பது ஆகாயத்திலிருந்து விழுந்த கற்பனையும் அல்ல. நவீன நர்சிங்கின் தாய் என்று நாம் மாலை போடும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலே அப்படிப்பட்டவர்தான். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயே அதிகச் சிப்பாய்களைக் கொன்றது என்பதை வரைபடம் போட்டு அரசுக்குக் காட்டினார். லண்டன் புள்ளியியல் சங்கம் 1858-இல் சேர்த்துக்கொண்ட முதல் பெண் உறுப்பினர் அவர். அவர் கையில் ஏந்திய விளக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கணக்கை மறந்துவிட்டோம்.

நம் பக்கத்துச் சான்று வேண்டுமா? மதுரைக்குப் போங்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகம் முழுவதும் நிர்வாகவியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைப் பற்றி எழுதிய ஆய்வு 1993-இல் வெளிவந்தது. அங்கே அந்த வேலையைத் தாங்கி நிற்பவர்கள் யார்? கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து இரண்டாண்டு பயிற்சி பெற்ற பெண்கள். நோயாளியைத் தயார் செய்வது, பார்வையைச் சோதிப்பது, அறுவை அரங்கில் அடுத்த மேசையை ஆயத்தமாக வைத்திருப்பது என்று ஒவ்வொரு நிமிடமும் கணக்கிட்டு வேலை பகுக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் ஒரு மேசையில் முடித்ததும் அடுத்த மேசைக்குத் திரும்புகிறார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே செய்யலானார்கள். அந்தச் சிக்கனத்தின் பலன் யாருக்குப் போனது? இலவசமாகவும் மலிவாகவும் பார்வை திரும்பப் பெற்ற ஏழைகளுக்குப் போனது. கணக்கு அன்புக்குப் பகை என்று சொல்பவர்கள் மதுரைக்கு ஒரு முறை போய்வர வேண்டும்.

சம்பளத்தைப் பற்றியும் பேசாமல் விடக் கூடாது. தனியார் மருத்துவமனை நர்ஸின் சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தது என்பது கேரளம் அறிந்த கதை. 2012-இல் வேலைநிறுத்தம், 2017-இல் மறுபடி போராட்டம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு சொன்ன 20,000 ரூபாய் என்ற அடிப்படைச் சம்பளத்துக்காக நர்ஸுகள் தெருவில் நின்ற பிறகுதான் 2018 ஏப்ரலில் அரசாணை வந்தது. தொழிலாளர் சட்டமும் ஊதியக் கணக்கும் கல்லூரியிலேயே தெரிந்திருந்தால் அந்தப் பெண்கள் எத்தனை ஆண்டு முன்பே கேட்டிருப்பார்கள்! வளைகுடாவில் இருபது ஆண்டு உழைத்துத் திரும்பிய நர்ஸுகள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். கையில் சேமிப்பும் உண்டு, கைக்குள் அனுபவமும் உண்டு. முதியோரை வீட்டில் பராமரிக்கும் ஒரு சேவையைத் தொடங்க இவர்களை விடத் தகுதியானவர் யார்? ஆனால் 2018 மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி எதற்குப் பதிவு வேண்டும், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எப்படி எழுதுவது, ஆளுக்கு எவ்வளவு ஊதியம் கட்டுபடியாகும் என்பது தெரியாமல், அந்தச் சேமிப்பு மாடி வீடாக மாறி நிற்கிறது.

அடுத்து, கலைப் படிப்பு. கவிதையால் காய்ச்சல் இறங்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இறங்காது. ஆனால் காய்ச்சலோடு கிடப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கக் கற்றுத் தருவது மொழியும் இலக்கியமும்தான். நம் வார்டுகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளறடைக்கு அப்பாலிருந்து வந்த மூதாட்டி, வலியைத் தன் வீட்டுத் தமிழில் சொல்கிறார். கேட்டுக்கொள்ளும் பெண் கோட்டயத்தில் வளர்ந்தவர். கேஸ் ஷீட்டில் எழுதுவது ஆங்கிலம். மூன்று மொழிகளைத் தாண்டி அந்த வலி டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும். வழியில் எவ்வளவு உதிர்ந்துபோகும்! இரு மொழியிலும் ஊன்றி நிற்கும் எல்லைப்புறப் பெண்ணுக்கு இந்த உதிர்வைத் தடுக்கும் ஆற்றல் பிறப்பிலேயே இருக்கிறது. அதைப் பயிற்சியாக்க, மதிப்பெண்ணாக்க, தகுதியாக்க எந்தப் பாடத்திட்டத்திலும் இடமில்லை.

கேரளம் முதுமை அடைந்துவருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அறுபது வயது கடந்தவர்கள் இந்தியாவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மா கட்டிலில். 2008-இல் கேரள அரசு வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. அதன்படி பஞ்சாயத்து தோறும் நர்ஸ் வீடு தேடிப் போகிறார். அந்த வீட்டில் அவர் செய்வது என்ன? புண்ணைச் சுத்தம் செய்கிறார், குழாய் மாற்றுகிறார். அது பத்து நிமிட வேலை. பிறகு அந்த அம்மா பேசத் தொடங்குவார். குணமாகாது என்று தெரிந்த நோயாளியிடம் என்ன சொல்வது, எப்போது பேசாமல் இருப்பது, மரணத்தை அந்தக் குடும்பத்தின் மதமும் வழக்கமும் எப்படிப் பார்க்கின்றன, இறுதி நேரத்தில் பைபிளா ராமாயணமா யாசீனா எதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்பதையெல்லாம் எந்த உடற்கூறு நூல் கற்றுத் தரும்? இலக்கியம் கற்றுத் தரும். வரலாறு கற்றுத் தரும். தத்துவம் கற்றுத் தரும். நைட்டிங்கேல் தம் நர்சிங் குறிப்புகள் நூலில் நோயாளியின் கண்ணுக்கு நிறமும் மாற்றமும் வேண்டும் என்பதற்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நம் மருத்துவமனைச் சுவர்களைப் பார்க்கும்போது அந்த அத்தியாயம் இங்கே வந்து சேரவில்லை என்றே தோன்றுகிறது.

வயிற்றுப்பாட்டைப் பற்றித்தான் கவலை என்றால் அதற்கும் விடை உண்டு. ஜெர்மனிக்குக் கேரள நர்ஸுகளை அனுப்ப, வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசின் அமைப்பான நோர்கா 2021 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தது. அங்கே போய் நிற்க எது தடை? ஊசி போடத் தெரியாததா? இல்லை, ஜெர்மன் மொழி. மொழி கற்பது கலைப் புலத்தின் வேலை. நர்சிங் கல்லூரியில் படித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தின் மொழித் துறையில் நான்கு ஆண்டில் நிதானமாகக் கற்க வேண்டியதை, பட்டம் வாங்கிய பிறகு கடன் வாங்கித் தனியார் மையத்தில் அவசர அவசரமாகக் கற்கிறார்கள் நம் பிள்ளைகள்.

இப்போது எதிர்வாதங்கள். நேரம் எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நர்சிங் ஆசிரியைகள், ஆகவே அது கனமான கேள்வி. வாரத்துக்கு 40 மணி நேரம் வகுப்பும் வார்டுமாக ஓடும் மாணவியின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது. நானும் ஏற்றச் சொல்லவில்லை. 2021-இல் அரசிதழில் வந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பயன்பாட்டுச் சமூகவியல் இருக்கிறது, உளவியல் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, நிர்வாகமும் தலைமைப் பண்பும் இருக்கிறது. விருப்பப் பாடங்களில் சுகாதாரப் பொருளாதாரம்கூட இருக்கிறது. கதவு ஏற்கெனவே கொஞ்சம் திறந்துதான் கிடக்கிறது. இந்தப் பாடங்களை நர்சிங் கல்லூரியின் நான்கு சுவருக்குள் நோட்ஸ் கொடுத்து ஒப்பேற்றாமல், பொருளாதார ஆசிரியர் பொருளாதாரத்தையும் இலக்கிய ஆசிரியர் மொழியையும் நடத்தட்டும், பி.காம்., பி.ஏ. மாணவர்களும் அதே பெஞ்சில் அமரட்டும். மணி நேரம் கூடாது, தரம் கூடும். இரண்டாவது பட்டமே வேண்டும் என்பவர்களுக்கு ஐந்தாவது ஆண்டு ஒன்றை விருப்பமாக வையுங்கள்.

எல்லாவற்றையும் தொட்டு எதிலும் தேறாமல் போவார்கள் என்பது இரண்டாவது வாதம். சட்டப் படிப்பையே பாருங்கள்; இதே பாறசாலைச் செறுவாரக்கோணத்தில் சட்டக் கல்லூரி இருக்கிறது. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி 1988-இல் பி.ஏ., எல்எல்.பி. ஐந்தாண்டுப் படிப்பைத் தொடங்கியது, பிறகு வேறு கல்லூரிகளில் பி.காம்., எல்எல்.பி.யும் வந்தது. வரலாறு படித்ததால் வக்கீல் கெட்டுப்போனார், கணக்கு படித்ததால் சட்டம் மறந்துபோனார் என்று யாராவது சொன்னதுண்டா? வக்கீலுக்கு அழகு என்று ஏற்றுக்கொண்டதை நர்ஸுக்கு மட்டும் ஆடம்பரம் என்கிறோம். காரணம் பாடத்திட்டத்தில் இல்லை. நர்ஸ் என்றால் சொன்னதைச் செய்பவள், சிந்திக்க வேண்டியது வேறொருவர் என்ற பழைய நினைப்பில் இருக்கிறது. அந்த நினைப்பை இந்த மேடையில் நின்று நான் மறுக்கிறேன்.

மூன்றாவது வாதம் பெற்றோருடையது. சீக்கிரம் படித்து, சீக்கிரம் வெளிநாடு போய், சீக்கிரம் கடனை அடைக்க வேண்டும். அந்த அவசரத்தின் பின்னால் இருக்கும் ரப்பர் விலையும் கல்யாணச் செலவும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அம்மா, நாற்பத்தைந்து வயதில் உங்கள் மகள் எங்கே இருப்பாள்? முதுகு வலியோடு நைட் டூட்டியில் நிற்பாளா, அல்லது அந்த மருத்துவமனையை நடத்துவாளா? வார்டிலிருந்து நிர்வாகத்துக்கும் ஆசிரியப் பணிக்கும் சொந்தத் தொழிலுக்கும் ஏறிப்போக வணிகமும் மொழியும் வேண்டும். முதல் மூன்று ஆண்டுச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கல்வியைத் தேர்ந்தால், மீதி முப்பது ஆண்டை இழக்க நேரும்.

கலை, வணிக மாணவர்களையும் மறந்துவிடக் கூடாது. இந்தச் சேர்க்கை ஒரு வழிப் பாதை ஆகக் கூடாது. 2024 ஜூலையில் கேரளத்தில் நான்காண்டு இளங்கலைப் படிப்பு தொடங்கிவிட்டது, பி.காம். மாணவர் வேறு துறையை மைனராக, அதாவது துணைப் பாடமாக, எடுக்கலாம். அந்த மைனர்களில் நோயாளர் பராமரிப்பும் இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனத்திலும் மருத்துவமனைக் கணக்குப் பிரிவிலும் நாளை உட்காரப் போகிறவர், ஒரு வார்டு இரவில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு உட்காரட்டும். தமிழும் மலையாளமும் படிக்கும் பி.ஏ. மாணவர் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனை வாசலில் இரு மொழி உதவியாளராகப் பயிற்சி பெறட்டும்.

சட்டத் தடை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அசைக்க முடியாத தடை அல்ல. 2020 தேசியக் கல்விக் கொள்கையே, தனித்து நிற்கும் சுகாதாரப் பல்கலைக்கழகங்கள் பலதுறை நிறுவனங்களாக மாற முயல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1947-இன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்சிங், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. பழைய விதிகள் புதிதாக எழுதப்படும் நேரம் இது. எழுதி முடித்த பிறகு போய்க் கேட்டால் இன்னும் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். இந்த வட்டாரத்து நர்சிங் கல்லூரி முதல்வர்களும் கலைக் கல்லூரி முதல்வர்களும் இந்த மாதமே ஒரே மேசையில் உட்காருங்கள். சுகாதாரப் பொருளாதாரம், இரு மொழிப் பயிற்சி, மருத்துவமனைக் கணக்கு என்று மூன்று பாடங்களை மட்டும் பொதுவாக்கி, ஒருவர் வகுப்பில் பெற்ற மதிப்பெண்ணை மற்றவர் ஏற்கும்படி கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் சுகாதாரப் பல்கலைக்கழகத்துக்கும் கூட்டு மனு எழுதுங்கள். மொழிச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுத 1969-இன் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. தமிழ் பேசும் பெற்றோர் தங்கள் மனுவைத் தமிழில் எழுதி அதோடு இணையுங்கள். பஞ்சாயத்து உறுப்பினர்கள் கையெழுத்திடுங்கள். மாணவிகளே, அந்த மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.